கிடங்குகளில் போர்க்லிப்ட் வண்டியைப் பத்திரமாக இயக்கும் முறை

அறுவடைக் காலத்தில் கிடங்கு வாயிலில் லாரிகள் வரிசையாக வந்து நிற்கும்பொழுது, மூட்டைகளை விரைவில் இறக்கி அட்டி போட வேண்டிய அவசரம் ஏற்படுகிறது. முன்னர் ஆட்கள் தலையிலும் முதுகிலும் சுமந்து செய்த இவ்வேலையை, இப்பொழுது பல கிடங்குகளில் போர்க்லிப்ட் வண்டிகள் செய்கின்றன. இதனால் காலமும் உடல் வருத்தமும் மிச்சப்படுவது உண்மையே. ஆயினும், அதன் இயல்பை அறியாதவர் கையில் அவ்வண்டி உயிருக்கே ஆபத்தாய் முடியும். ஆதலின், ஓட்டுபவர் மட்டுமன்றிக் கிடங்குப் பொறுப்பாளரும், சுமை தூக்கும் தொழிலாளரும் கீழ்க்கண்ட விஷயங்களை அறிந்திருத்தல் அவசியம்.

வண்டி சுமையைத் தாங்கும் விதம்

கிணற்றுத் துலாவின் ஒரு முனையில் நீர்ச்சாலும், மறுமுனையில் அதற்கு ஈடான பாரமும் இருப்பதை விவசாயிகள் அறிவர். போர்க்லிப்ட் வண்டியும் அவ்வாறே அமைந்ததாகும். முன் சக்கரங்களின் அச்சு துலாவின் தாங்குகால் போன்றது. அச்சுக்கு முன்புறம் கவைகளின்மேல் சுமையும், பின்புறம் அதற்கு எதிரான இரும்புப் பாரமும் உள்ளன. எனவே, சுமையின் எடையைப் போலவே, அது அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதும் முக்கியமாகும்.

உதாரணமாக, ஒரு வண்டி 50 சென்டிமீட்டர் சுமைமைய தூரத்தில் 1,500 கிலோ தூக்கவல்லது எனக் கொள்வோம். சுமைமைய தூரம் என்பது கவைகளின் நிமிர்ந்த முகப்பிலிருந்து சுமையின் நடுப்பகுதி வரையுள்ள தூரம். அச்சிலிருந்து முகப்பு வரை 40 சென்டிமீட்டர் எனில், மொத்தத் தூரம் 90 சென்டிமீட்டர். 50 கிலோ மூட்டைகள் 30 அடுக்கிய பாலெட் முகப்போடு ஒட்டி நிற்கும்வரை அளவுக்கு உட்பட்டதே. அதே பாலெட்டை முழுவதும் உட்செலுத்தாமல் 20 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுத் தூக்கினால், தூரம் 110 சென்டிமீட்டர் ஆகிறது. அப்பொழுது வண்டி தாங்கக்கூடியது ஏறக்குறைய 1,227 கிலோ, அதாவது 24 மூட்டைகளே. எஞ்சிய 6 மூட்டைகள் வண்டியின் பின்புறத்தை மேலே தூக்கிவிடும். பின்புறம் உயருங்கால், வண்டியைத் திருப்பும் சக்கரங்கள் தரையை விட்டு எழும்புவதால், ஓட்டுநர் வசம் வண்டி நில்லாது.

இக்கணக்கு தத்துவத்தை விளக்குவதற்கே. ஒவ்வொரு வண்டிக்கும் அதில் பொருத்தப்பட்ட தகட்டில் குறித்துள்ள அளவே பிரமாணமாகும். பின்புறம் ஆட்களை ஏற்றிப் பாரம் சமன்செய்யும் வழக்கம் அறவே விலக்கத்தக்கது.

பக்கவாட்டில் கவிழ்தல்

நான்கு சக்கரங்கள் இருப்பினும், இவ்வண்டி முக்காலியைப் போல மூன்று இடங்களிலேயே நிற்கிறது. அவை முன் சக்கரங்கள் இரண்டும், பின் அச்சின் நடுவும் ஆகும். சுமையை உயர்த்தியபடி வேகமாகத் திரும்பினால், பாரத்தின் மையம் இம்முக்கோணத்திற்கு வெளியே சென்று வண்டி சாயும். வெறும் வண்டியும் வேகமாகத் திருப்பினால் கவிழக்கூடும்.

ஆகையால் ஓட்டுங்கால் கவைகளைத் தரையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்து, தூண்சட்டத்தைச் சிறிது பின்சாய்த்துச் செல்லுதல் வேண்டும். சுமை பார்வையை மறைத்தால் பின்னோக்கி ஓட்டுதல் நலம். சரிவுகளில், சுமையுள்ள வண்டியின் சுமைப்பக்கம் எப்பொழுதும் மேட்டை நோக்கியே இருத்தல் வேண்டும். ஏறும்பொழுது முன்னோக்கியும், இறங்கும்பொழுது பின்னோக்கியும் செல்க. வெறும் வண்டியாயின் கவைகள் பள்ளத்தை நோக்கியிருக்க வேண்டும். சரிவில் திருப்புதல் கூடாது.

அமர்ந்து ஓட்டும் வண்டி சாயுங்கால் குதித்துத் தப்ப எண்ணுவது இயல்பே. ஆனால் குதிப்பவர்மேல் வண்டியின் மேற்சட்டம் விழுந்து நசுக்கக்கூடும். இடுப்புவார் கட்டியவாறே ஸ்டீயரிங்கை இறுகப் பற்றி, கால்களை ஊன்றி, வண்டி விழும் திசைக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருப்பதே உயிர் காக்கும் வழி. இடுப்புவார் கட்டாதவருக்கு இவ்வழி பயன்படாது.

அருகில் வேலை செய்வோர்

பின் சக்கரங்களால் திரும்புவதால், வண்டியின் பின்பாகம் வெளிப்புறமாக வீசித் திரும்பும். அட்டிக்கும் வண்டிக்கும் இடையே நிற்பவர் நசுங்குவது இதனாலேயாம். நடப்போர் பாதையைத் தரையில் கோடிட்டுத் தனியே பிரித்தல் நலம். உயர்த்திய கவைகளின் கீழ் ஒருவரும் நிற்கலாகாது. வெறுங் கவைகளின்மேலோ, பாலெட்டின்மேலோ ஆளை ஏற்றி அட்டியின் உச்சிக்கு அனுப்புதல் மிக்க அபாயகரமானது. லாரியின்மேல் வண்டியை ஏற்றுமுன் லாரியின் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்தல் வேண்டும்.

தானியக் கிடங்குகளில் சிறப்பாகக் கவனிக்க வேண்டியவை

எண்ணெயாலோ எரிவாயுவாலோ ஓடும் வண்டிகளின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சு உண்டு. அதற்கு நிறமும் மணமும் இல்லையாதலால், அடைத்த கிடங்கில் அதனை உணர்தல் இயலாது. மின்கலத்தால் ஓடும் வண்டிக்கு இக்குறை இல்லை. எனினும், ஈய மின்கலத்திற்கு மின்சாரம் ஏற்றுங்கால் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால், அவ்விடத்தில் காற்றோட்டம் வேண்டும், நெருப்பு ஆகாது.

பூச்சிகளை ஒழிக்க அலுமினியம் பாஸ்பைடு இட்டு மூடிய கிடங்கினுள், வாயு முற்றிலும் நீங்கியதைச் சோதித்தறியாமல் வண்டியைச் செலுத்தலாகாது. பாஸ்பீன் வாயு செம்பையும் பித்தளையையும் அரிக்குமாதலால், மூட்டம் போடுமுன் வண்டியையும் மின்கலக் கருவிகளையும் வெளியேற்றிவிடுவது நன்று.

பொறுப்பாளர் கடமை

தினமும் வேலை தொடங்குமுன் பிரேக், ஸ்டீயரிங், கவைகள், சங்கிலிகள், டயர்கள், ஒலிப்பான் ஆகியவற்றையும், எண்ணெய்க் கசிவு உண்டா என்பதையும் சோதித்தல் வேண்டும். பழுது கண்டால் சாவியை எடுத்துப் பொறுப்பாளரிடம் ஒப்புவித்தல் முறை. பயிற்சி பெறாதவரை ஒரு நாளும் ஓட்டவிடலாகாது. அமெரிக்க நாட்டு விதிகளின்படி, பயிற்சி பெற்ற ஓட்டுநரின் திறமையையும் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் மறுபடி மதிப்பிடுதல் வேண்டும். இம்முறை எங்கும் பின்பற்றத்தக்கது.

லாரிகள் காத்திருக்கும் நாளில், இரண்டு நடையில் கொண்டுசெல்ல வேண்டியதை ஒரே நடையில் ஏற்றும்படி பலரும் வற்புறுத்துவர். அவ்வேளையில் தகட்டில் உள்ள அளவைக் காட்டி மறுக்கும் ஓட்டுநருக்குப் பொறுப்பாளர் துணைநிற்றல் வேண்டும். ஒரு நடை கூடுவதால் சில நிமிஷங்களே செல்லும். போன உயிரோ திரும்ப வாராது.