தொட்டியில் வளரும் நத்தை

மீன் வாங்கப் போய் நத்தையோடு வீடு திரும்பியவன் நான். மூன்று வருடங்களுக்கு முன், வடக்கு கொல்கத்தாவில் கேலிஃப் தெருவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், கண்ணாடித் தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த மஞ்சள் நத்தை ஒன்றை என் பெண் பார்த்துவிட்டாள். எலுமிச்சம்பழ அளவு இருந்தது. மீன் மறந்துபோயிற்று.

கடைக்காரர்கள் இதை ஆப்பிள் நத்தை என்பார்கள். கடைகளில் மஞ்சளும் ஊதாவுமாகக் கிடைப்பவை பொமேசியா என்னும் தென் அமெரிக்க வகை. நம் வயலிலும் குளத்திலும் ஊர்வது அதன் பங்காளியான பைலா. விலங்கியல் படித்த நம் வாசகர்கள் கல்லூரியில் அதை அறுத்துப் பார்த்திருப்பார்கள். அதன் உடலமைப்பைப் பற்றி பைனி பிரசாத் எழுதிய விரிவான ஆய்வு 1925-இல் நம் கொல்கத்தாவிலுள்ள இந்திய அருங்காட்சியகத்தின் வெளியீடாகத்தான் வந்தது. ஊரில் நத்தை குத்தி நாரை என்போமே, அந்தப் பறவைக்கு முக்கியத் தீனி இந்தப் பைலாதான். வங்காளிகள் அதை ஷாமுக்கோல் என்கிறார்கள். ஷாமுக் என்றால் நத்தை. ராய்கஞ்சின் குலிக் சரணாலயத்துக்குப் போனால் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம்.

வாங்கிய இரண்டாம் வாரம் எங்கள் நத்தை வாயை இறுக மூடிக்கொண்டு தண்ணீரின் மேலே மிதந்தது. இரண்டு நாள் அசைவே இல்லை. செத்துவிட்டது என்று முடிவுகட்டி, செய்தித்தாளில் சுற்றிக் குப்பைக் கூடையில் போட்டேன். காலையில் என் பெண், "அப்பா, பேப்பர் நகருது!" என்று கத்தினாள். பிரித்துப் பார்த்தால் கொம்பை நீட்டிக்கொண்டு ஊர்ந்து வருகிறது. அன்று அவள் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

இந்த நத்தைக்கு வலப்பக்கம் செவுள். இடப்பக்கம் நுரையீரல் போன்ற ஒரு பை. தண்ணீருக்குள் செவுளால் சுவாசிக்கும். பிராணவாயு குறைந்தால் மேலே ஏறி, குழல் போன்ற உறுப்பை நீட்டிக் காற்றை இழுக்கும். பைக்குள் காற்று நிறைந்திருந்தால் மிதக்கும். வாயை மூடும் வட்டத் தகட்டை இறுக்கிக்கொண்டால் ஈரம் போகாது. தண்ணீருக்கு வெளியிலும் தாக்குப்பிடிக்கும். பைலா கோடையில் சேற்றுக்குள் மாதக்கணக்கில் கிடந்து, மழை வந்ததும் எழும். ஆகவே மிதக்கும் நத்தையை வெளியே எடுத்து முகர்ந்து பாருங்கள். செத்ததென்றால் மூடி தளர்ந்து தொங்கும். நாற்றம் குடலைப் பிடுங்கும். சந்தேகமே இருக்காது. அப்படியானால் உடனே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கெட்டு மீன்களும் போகும்.

இதனால்தான் தொட்டியை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. நாலு விரற்கடை காற்று இடம் விட்டு, மேலே மூடி போடுங்கள். மூடி இல்லையென்றால் இரவில் நடைப்பயணம் கிளம்பிவிடும்.

வெள்ளரி, வேகவைத்த கீரை, மீன் தீனி எல்லாம் தின்னும். மிச்சத்தை மறுநாள் எடுத்துவிடுங்கள். ஓடு வெளுத்துக் குழி விழுந்தால் சுண்ணாம்புச் சத்துப் பற்றவில்லை என்று பொருள். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்பதை (கணவாய் ஓடுதான்) ஒரு துண்டு தொட்டியில் போடலாம். முதலில் மிதக்கும், ஊறியதும் தானே அமிழும். தொட்டியில் கைவிட்ட பிறகு பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கழுவட்டும். நத்தைகள் சில ஒட்டுண்ணிப் புழுக்களைச் சுமக்கக்கூடும்.

குப்பையிலிருந்து மீண்ட அந்த நத்தை கடைசியில் என் கையாலேயே செத்தது. மீன்களுக்கு வெண்புள்ளி நோய் வந்தது. கடையில் கொடுத்த மருந்தைச் சீட்டுகூடப் படிக்காமல் ஊற்றினேன். அதில் மயில்துத்தம். செம்பு உப்பு நத்தைக்கு விஷம். மீன்கள் பிழைத்தன. மருந்து போடுமுன் நத்தையை வேறு பாத்திரத்துக்கு மாற்றியிருந்தால் போதும்.

அடுத்து வாங்கியது ஒரே ஒரு நத்தைதான். ஆனாலும் ஒரு மாதத்தில் மூடியின் அடியில் முட்டைக் கொத்து! இவற்றில் ஆண், பெண் தனித்தனி; ஆனால் பெண் நத்தை முன்பே சேர்ந்த விந்தை உடலில் மாதக்கணக்கில் சேமித்து வைத்திருக்கும். குஞ்சுகளை ஏரியில் விடலாமா என்று என் பெண் கேட்டாள். கூடாது என்றேன். 1980 வாக்கில் உணவுக்காகத் தைவானுக்குக் கொண்டுபோன பொமேசியா இனம் ஒன்று தப்பி, தென்கிழக்கு ஆசியாவின் நெல் வயல்களை இன்றும் மேய்ந்துகொண்டிருக்கிறது. கடைத் தொட்டியில் இருப்பது எந்த இனம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வது கடினம்.

கொத்தில் பெரும்பகுதியைச் சுரண்டி எடுத்து, பிரிட்ஜின் உறைபெட்டியில் இரண்டு நாள் வைத்துக் குப்பையில் சேர்த்தோம். அன்று இரவு அவள் சாப்பிட வரவில்லை. விட்டுவைத்த சிறு பகுதியிலிருந்து மூன்றாம் வாரம், கடுகைவிடச் சற்றுப் பெரிய குஞ்சுகள் பன்னிரண்டு இறங்கின. இப்போது நம் சங்கத்துக் குடும்பங்கள் இரண்டில் அவை வளர்கின்றன. யாராவது வேண்டுமென்று கேட்டால், உங்கள் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று அவள்தான் முதலில் கேட்கிறாள்.