கட்டளையும் மனச்சான்றும்: அலெக்ஸாந்தர் டானிபன் வரலாறு

மேலதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படிதல் படைவீரனுக்கு முதற்கடமை என்பர். அக்கட்டளையே நீதிக்கு மாறாயின் அவன் செய்யத்தக்கது யாது? இவ்வினாவை ஏட்டிலன்றிப் பாசறையிலே, ஒரே இரவில், எதிர்கொண்ட ஒருவரது வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழ்ந்த அலெக்ஸாந்தர் வில்லியம் டானிபன் என்பார். அவர் தொழிலால் வழக்கறிஞர், மக்கள் தேர்வால் சட்டசபை உறுப்பினர், குடிப்படையில் தளபதி. குடிப்படையென்பது, அழைப்பு வந்துழித் திரண்டு, அமைதி திரும்பியபின் தத்தம் தொழிலுக்கு மீளும் குடிமக்களாலாய படையாம்.

இளமையும் தொழிலும்

டானிபன் 1808-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் கெண்டக்கி நாட்டில் மேஸ்வில் என்னும் ஊரின் அருகே பிறந்தார். மெதடிஸ்ட் சபையாரது அகஸ்டா கல்லூரியிற் பயின்று 1826-இல் தேர்ச்சியெய்தினார். பின்னர்ச் சட்டங் கற்று, 1830-இல் மேற்கே மிசௌரி நாட்டிற் குடியேறி, 1833-இல் லிபர்ட்டி என்னும் ஊரில் நிலையாகத் தங்கினார். நெடிய தோற்றமும் சொல்வன்மையும் ஒருங்கே வாய்ந்த அவரை வழக்காடுவோர் பலரும் நாடிவந்தனர்.

மார்மன்கள் வழக்கு

அக்காலத்தில் ஜோசப் ஸ்மித் என்பாரைத் தீர்க்கதரிசியாகக் கொண்ட மார்மன் சபையார் மிசௌரியில் திரளாகக் குடியேறி வந்தனர். அவர்தம் புதிய கோட்பாடும், ஒருங்கே வாழ்ந்து ஒருங்கே வாக்களிக்கும் வழக்கமும் அயலார்க்கு அச்சமும் வெறுப்பும் விளைத்தன. 1833-இல் அவர்கள் ஜாக்ஸன் ஜில்லாவினின்றும் வன்முறையால் துரத்தப்பட்டனர். அவர்களுக்காக வழக்காட முன்வந்த வழக்கறிஞருள் டானிபனும் ஒருவர். அவர் அச்சபையைச் சேர்ந்தவரல்லர்; ஆயினும், சட்டத்தின் காவல் எல்லார்க்கும் உரியதெனக் கொண்டார். 1836-இல் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றதும், மார்மன்கள் குடியிருத்தற்கெனக் கால்டுவெல் என்னும் புதிய ஜில்லா அமைதற்கு முன்னின்றுழைத்தார்.

1838-ஆம் ஆண்டின் இரவு

அவ்வேற்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை. 1838-இல் மீண்டும் பூசல் மூண்டது. இரு திறத்தாரும் வீடுகளை எரித்தனர். அக்டோபர் 27-ஆம் நாள் ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்களை நாட்டினின்றும் ஓட்டுக, அன்றேல் அழித்தொழிக்க எனக் கட்டளை பிறப்பித்தார். மூன்றாம் நாள் ஹான் ஆலை என்னுமிடத்தில் மார்மன்கள் பதினெழுவர் கொல்லப்பட்டனர். அதற்கடுத்த நாள், பார் வெஸ்ட் என்னும் நகரை வளைத்திருந்த குடிப்படையினரிடம் ஸ்மித்தும் அவருடன் சிலரும் பிடிபட்டனர்.

படைத்தலைவர் சாமுவேல் லூகஸ், நவம்பர் முதல் நாளிரவு படைமன்றமொன்று கூட்டினார். சிறைப்பட்டோர்க்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. மறுநாட்காலை ஒன்பது மணிக்கு அவர்களை நகரின் நடுவெளியிற் சுட்டுக்கொல்லும் பொறுப்பு, படைப்பிரிவுத் தளபதியாய் ஆங்கிருந்த டானிபனிடம் ஒப்புவிக்கப்பட்டது.

டானிபன் மறுத்தார். இஃது இரக்கமற்ற கொலையென்றும், தாம் இதற்கு உடன்படாரென்றும், காலை எட்டு மணிக்கே தம் படையுடன் லிபர்ட்டிக்குப் புறப்படுவாரென்றும் மறுமொழி விடுத்தார். அவர்களைக் கொல்லின், லூகஸை நீதிமன்றத்தின்முன் நிறுத்துவதாகவும் எச்சரித்தார். களத்தில் மேலதிகாரியின் ஆணையை மீறுதல் பெருங்குற்றமாகும் என்பதை அவர் அறியாதவரல்லர், அறிந்தே மறுத்தார். படையைச் சேராத குடிமக்களை அவ்வாறு ஓரிரவில் விசாரித்துக் கொல்லுதற்குச் சட்டத்தில் இடமில்லையென்பது அவர் துணிபு. லூகஸ் தம் கட்டளையை நிறைவேற்றவில்லை. டானிபன்மீது நடவடிக்கையும் எழவில்லை.

மறுத்தமையோடு அவர் அமைந்தாரல்லர். அதன்பின் நிகழ்ந்த விசாரணையில் அச்சிறையாளர்க்காகவே வழக்காடினார். ஸ்மித் லிபர்ட்டிச் சிறையிற் குளிர்காலங் கழித்து, 1839 ஏப்ரலில் வேறிடத்துக்குக் கொண்டுசெல்லப்படுகையில் தப்பி, இல்லினாய் நாட்டை அடைந்தார்.

பிற்கால வாழ்வு

1846-இல் மெக்சிகோப் போர் மூண்டபொழுது டானிபன் சாதாரண வீரராய்ப் பெயர்பதிந்தார். வீரர்களே அவரைக் கர்னலாகத் தேர்ந்தெடுத்தனர். பிரஸிட்டோ, சக்ரமெண்டோ என்னும் இருகளங்களில் வென்று, 3,000 மைலுக்கு மேற்பட்ட வழி கடந்து மீண்டார். நியூ மெக்சிகோவுக்குச் சட்டத்தொகுதி வகுத்தவருள்ளும் அவர் ஒருவர். ஊர் திரும்பியபின், 1849-இல் லிபர்ட்டியில் பாப்டிஸ்ட் சபையாரது வில்லியம் ஜூவல் கல்லூரி தோன்றுதற்கு உழைத்தார்.

அவரது குறையையும் மறைத்தல் தகாது. பிறர் உரிமைக்காக வாதாடிய அவரே அடிமைகளை உடையராயிருந்தார். அயல்நாட்டு நிலத்தைக் கவர்ந்த போரிலும் பங்குகொண்டார். 1861-இல் வாஷிங்டனிற் கூடிய சமாதான மாநாட்டிற்குச் சென்றார். உள்நாட்டுப் போரில் இரு திறத்துப் படையிலுஞ் சேர்ந்திலர். தம் புதல்வர் இருவரையும் இளமையிலேயே இழந்த துயருடன் வாழ்ந்து, 1887 ஆகஸ்ட் 8-ஆம் நாள் மறைந்தார்.

நாம் கொள்ளத்தக்கது

அவர் குறையற்ற பெரியாரல்லர். எனினும், அவ்வோரிரவின் உறுதி அவ்விரவில் மட்டும் தோன்றியதன்று என்பது நம் கருத்து. ஐந்தாண்டுகள் அம்மக்களோடு பழகி, அவர்தம் முறையீட்டைச் செவிமடுத்திருந்தமையால், அவர்களைப் பகைவரெனக் காணாது மனிதரெனக் காண அவரால் இயன்றது. சட்டத்தைப் பிழைப்பாக மட்டுங் கருதாமையால், ஆணையிடுவோரையும் அச்சட்டம் கட்டுப்படுத்தும் என்பதை அவர் மறந்திலர். நாடோறும் பயின்ற நேர்மையே நெருக்கடியில் துணைநிற்கும்.

ஆளுநர் பாக்ஸின் கட்டளையை மிசௌரி அரசு 1976-இற்றான் முறையாக நீக்கியது. அரசு 138 ஆண்டுகள் கழித்துச் சொல்லியதை டானிபன் அன்றிரவே சொல்லினார்.