மீந்த நூடுல்ஸில் பிறந்த வியாபாரம்

எந்தச் சரக்கு விற்பவருக்கும் பயன்படும் ஒரு ஜப்பானியக் கடையின் கதையை இம்முறை பார்ப்போம்.

ராமென் என்பது சூப்பில் மிதக்கும் கோதுமை நூடுல்ஸ். அதே கடைகளில் 'சுகெமென்' என்றொரு பண்டமும் கிடைக்கும். நூடுல்ஸ் ஒரு கிண்ணத்திலும், கெட்டியான சூப் வேறு கிண்ணத்திலும் வரும். தொட்டுத் தொட்டுச் சாப்பிட வேண்டும்.

டோக்கியோவில் 'தாய்ஷோகென்' என்ற கடையில் வேலை செய்தவர் யமகிஷி கசுவோ. நூடுல்ஸ் வடிக்கும்போது மீந்துபோவதைக் கடையாட்கள் சூப்பில் தோய்த்துச் சாப்பிடுவது வழக்கம். அதைப் பார்த்த வாடிக்கையாளர்களுக்கும் ஆசை வந்தது. 1955இல் யமகிஷி அதைப் பக்குவப்படுத்தி, 40 யென் விலைக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1961இல் ஹிகாஷி இகெபுகுரோவில் தம் பொறுப்பில் கடை திறந்தார். வாசலில் வரிசை நின்றது.

இதை ரசித்துச் சாப்பிடும் முறை:

1. பல கடைகளில் வாசலருகே உள்ள இயந்திரத்தில் பணம் செலுத்திச் சீட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். சமைப்பவர் கை காசைத் தொடுவதில்லை.

2. வெந்த நூடுல்ஸைக் குளிர்ந்த நீரில் அலசித் தருவார்கள். அதனால் ஒட்டாது, மெல்லுவதற்கு நன்றாக இருக்கும்.

3. சூப்பில் உப்பும் காரசாரமும் தூக்கலாக இருக்கும். ஆகவே பாதி நூடுல்ஸை மட்டும் தோய்த்து உறிஞ்ச வேண்டும். சத்தம் வந்தால் யாரும் தவறாக நினைப்பதில்லை.

4. மிஞ்சிய சூப்பை வீணாக்காமல், வெந்நீர் போன்ற இளஞ்சாறு ஊற்றிக் குடிக்கத் தருவார்கள். இதன் பெயர் 'சூப்பு வரி'. வரி என்றதும் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் இதற்குக் காசு கிடையாது!

சூப்பில் பன்றி எலும்பும் உலர்மீனும் சேரும். சைவர்களும் இஸ்லாமிய நண்பர்களும் விசாரித்த பிறகே சாப்பிட வேண்டும்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். மீந்த பொருளிலும் வியாபாரம் இருக்கிறது. அதை முதலில் கண்டுகொள்வது வாடிக்கையாளரின் கண்தான். இது முதல் பாடம்.

இரண்டாவதுதான் பெரிது. யமகிஷி தம் பக்குவத்தை ஒளித்து வைக்கவில்லை. கற்க வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார். 2007இல் அந்தப் பகுதியைப் புதுப்பித்துக் கட்டும் திட்டத்தால் பழைய கடை மூடப்பட்டது. மறு ஆண்டே அருகில் புதுக் கடை எழுந்தது. நடத்தியவர் அவருடைய சீடர். 2015இல் யமகிஷி காலமானார். அவரிடம் தொழில் கற்றவர்களின் கடைகள் இன்றும் நடக்கின்றன.

நம்மில் பலருடைய பிள்ளைகள் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள். எந்த மாதத்தில் எந்தச் சரக்கு வாங்குவது, யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதெல்லாம் முதலாளியின் நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறது. அவர் படுத்துவிட்டால் கடையும் படுத்துவிடும். நம்பிக்கையான கடையாள் ஒருவருக்கு இந்த மாதமே கொள்முதல் கணக்கைக் கற்றுக்கொடுக்கத் தொடங்குங்கள்.