கூண்டு முன்னால் நிற்கும்போது பிள்ளையின் கை யாரிடம்?

ஒகேனக்கல் போகிறோம் என்றால் நம்ம மாவட்டத்துப் பிள்ளைகள் கேட்பது மூன்றுதான்: பரிசல், வறுத்த மீன், முதலை. பென்னாகரம் வட்டம் ஒகேனக்கல்லில் வனத்துறையின் முதலைகள் மறுவாழ்வு மையம் இருக்கிறது. ஆடிப்பெருக்கு, பொங்கல் விடுமுறை, பள்ளிச் சுற்றுலா என்று கூட்டம் சேரும் நாட்களில் வேலி ஓரத்தில் ஒரு குரல் கட்டாயம் கேட்கும்: "பாப்பாவுக்குத் தெரியலங்க, கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க."

சேலம் குரும்பப்பட்டி, சென்னை வண்டலூர் என்று எந்தப் பூங்காவுக்குப் போனாலும் இதே குரல்தான். ஆசையில் சொல்வதுதான், தப்பே இல்லை. ஆனால் அப்படித் தூக்கும் நேரத்தில் பிள்ளைக்கும் விலங்குக்கும் நடுவில் என்ன இருக்கிறது? அதற்கு யார் பொறுப்பு?

இரண்டு சம்பவங்கள், இரண்டு பாடங்கள்

அமெரிக்காவில் நடந்த இரண்டு சம்பவங்கள் உலகம் முழுக்கப் பேசப்பட்டவை.

முதலாவது, 2012 நவம்பர் 4, பிட்ஸ்பர்க் உயிரியல் பூங்கா. ஆப்பிரிக்கக் காட்டு நாய்களைப் பார்க்க ஒரு மேடை. இரண்டு வயதுப் பையனுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று அம்மா அவனைக் கைப்பிடிக் கம்பி மேல் நிற்கவைத்துப் பிடித்திருந்தார். பையன் திடீரென முன்னால் சாய்ந்தான், பிடி நழுவியது. கீழே வலை இருந்தும் அது அவனைத் தாங்கவில்லை. உள்ளே 11 நாய்கள். பையனைக் காப்பாற்ற முடியவில்லை. தாய் மீது குற்றவழக்கு பதியப்படவில்லை. பெற்றோர் பூங்கா மீது வழக்குத் தொடர்ந்தார்கள். 2014-ல் அது சமரசத்தில் முடிந்தது.

இரண்டாவது, 2016 மே 28, சின்சினாட்டி. மூன்று வயதுப் பையன் தடுப்பைத் தாண்டி, கொரில்லா இருக்கும் இடத்தின் அகழிக்குள் விழுந்துவிட்டான். 17 வயதான ஹராம்பே என்ற கொரில்லா அவனைப் பிடித்து இழுத்தது. மயக்க மருந்து வேலை செய்யச் சில நிமிடங்கள் ஆகும், அதற்குள் விபரீதம் நடக்கலாம் என்பதால் கொரில்லாவைச் சுட்டுக் கொன்றார்கள். பையன் பிழைத்தான். "அந்த அம்மா என்னதான் பண்ணிட்டிருந்தாங்க?" என்று ஊரே கேட்டது. விசாரணைக்குப் பிறகு தாய் மீது வழக்கு இல்லை என்று அரசு வழக்கறிஞர் அறிவித்தார். அந்தத் தடுப்பு விதிப்படி போதுமானதாக இல்லை என்று மத்திய அரசின் ஆய்வாளர்கள் பின்னர் சொன்னார்கள். பூங்காவும் தடுப்பை உயர்த்தி, கயிற்று வலை கட்டியது.

முதல் சம்பவத்தில் தடுப்பு இருந்தது, ஆனால் பிள்ளை தடுப்புக்கு மேலே இருந்தான். இரண்டாவதில் பிள்ளை கை நழுவிப் போனான், தடுப்பும் அவனை நிறுத்தவில்லை. பூங்காவின் பொறுப்பும் பெற்றோரின் பொறுப்பும் தனித்தனி. ஒன்று இருக்கிறது என்பதற்காக இன்னொன்றை விட்டுவிட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

*பூங்காவின் பொறுப்பு:* 2009-ஆம் ஆண்டின் உயிரியல் பூங்கா அங்கீகார விதிகளின்படி, பார்வையாளர்களைப் பாதுகாப்பான தூரத்தில் நிறுத்தும் தடுப்பும் எச்சரிக்கைப் பலகையும் ஒவ்வொரு விலங்கின் இருப்பிடத்திலும் இருக்க வேண்டும். விலங்கை உள்ளே வைக்கும் கூண்டு அல்லது சுவர் ஒன்று, நம்மைத் தள்ளி நிறுத்தும் தடுப்பு இன்னொன்று. செல்ஃபிக்காகப் பலர் தாண்டுவது இந்த இரண்டாவதைத்தான்.

*நம் பொறுப்பு:* 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 38-ஜே பிரிவின்படி, பூங்கா விலங்கைச் சீண்டுவது, காயப்படுத்துவது, தீனி போடுவது, சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வது, குப்பை போடுவது எல்லாமே குற்றம். 6 மாதம் வரை சிறையோ அபராதமோ கிடைக்கலாம்.

முதலை அசையாமல் கிடந்தால் "பொம்மையா, உசிரா?" என்று கல் எறிந்து பார்ப்பவர்கள் உண்டு. அதுவும் இந்தப் பிரிவில்தான் வரும். முதலை வெயிலில் கிடப்பது உடம்பைச் சூடேற்றிக்கொள்ள. அசையாமல் கிடக்கும் அதே முதலை ஒரு நொடியில் பாயும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. *பொறுப்பாளரைப் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள்.* பத்து பேர் போகும் குடும்பத்திலும் பிள்ளை தவறிவிடுவதுண்டு. "நீ பாத்துக்குவேன்னு நினைச்சேன்" என்று ஒவ்வொருவரும் நினைப்பதுதான் காரணம். "அடுத்த அரை மணி நேரம் பாப்பா சித்தப்பாகிட்ட" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பள்ளிச் சுற்றுலாவிலும் எந்த ஆசிரியரிடம் எந்தப் பிள்ளைகள் என்று பஸ்ஸை விட்டு இறங்கும் முன்பே பிரித்துவிடுங்கள்.

2. *கம்பி மேலோ சுவர் மேலோ உட்காரவைக்காதீர்கள், நிற்கவைக்காதீர்கள்.* சின்னப் பிள்ளைகளுக்கு உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் தலை கனம் அதிகம். கொஞ்சம் எட்டிப் பார்த்தாலே முன்னால் சாய்ந்துவிடுவார்கள். கம்பி இடைவெளி வழியே தெரிந்தால் நீங்களும் கூடக் குனிந்து உட்கார்ந்து காட்டுங்கள். சுவர் மறைத்தால் இரண்டு அடி பின்னால் நின்று இடுப்பில் வைத்துக் காட்டுங்கள்.

3. *போனை எடுக்கும் முன் பிள்ளையின் கையை இன்னொருவரிடம் கொடுங்கள்.* போட்டோ எடுப்பவர் ஒருவர், பிள்ளையைப் பிடிப்பவர் வேறொருவர்.

4. *செருப்போ தொப்பியோ உள்ளே விழுந்தால் விட்டுவிடுங்கள்.* ஊழியரிடம் சொல்லுங்கள். எடுத்துத் தரப் பிள்ளையை அனுப்பவே கூடாது.

5. *யாராவது உள்ளே விழுந்துவிட்டால் கத்தாதீர்கள், கல் எறியாதீர்கள்.* 2014 செப்டம்பர் 23 அன்று டெல்லி பூங்காவில் வெள்ளைப் புலி இருந்த இடத்துக்குள் ஓர் இளைஞர் விழுந்தபோது கூட்டம் கூச்சலிட்டது, கல்லும் எறிந்தது. அவர் உயிர் பிழைக்கவில்லை. விலங்கை மிரட்டினால் அது இன்னும் கலவரமாகும். அருகில் இருக்கும் பராமரிப்பாளரை உடனே கூப்பிடுங்கள், 112-க்கும் 108-க்கும் போன் செய்யுங்கள், கூட்டத்தைப் பின்னால் நகர்த்துங்கள்.

உடைந்த வேலியைப் பார்த்தால்?

இங்கே உங்கள் செல்போன் உண்மையாகவே பயன்படும். கம்பி விலகியிருக்கிறதா, எச்சரிக்கைப் பலகை விழுந்து கிடக்கிறதா? எந்த இடம் என்று தெரியும்படி ஒரு போட்டோ எடுங்கள். டிக்கெட் கவுன்ட்டரிலோ ஊழியரிடமோ உடனே காட்டுங்கள். சரிசெய்யவில்லை என்றால் முதல்வரின் உதவி மைய எண் 1100-ல் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். திங்கட்கிழமைகளில் தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். போட்டோவையும் இணைத்துக் கொடுங்கள்.

வேலி சரியாக இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்த வேலிக்கு இந்தப் பக்கம் பிள்ளையை நிறுத்துவது உங்கள் கடமை. அடுத்த தடவை "தூக்கிக் காட்டுங்க" என்று யாராவது சொன்னால், "வேணாங்க, கீழ உக்காந்தே பாக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைக்கு முதலை நன்றாகவே தெரியும்.