சம்பளம் ஒரு பக்கம், காபி ஒரு பக்கம்

சம்பளம் மட்டும் வாங்குகிறவருக்கு வருமான வரிக் கணக்கு ஒரு காலைப் பொழுது வேலை. ஜூன் 15-க்குள் அலுவலகம் படிவம் 16 கொடுத்துவிடும். மிச்சத்தில் பாதியை வருமான வரித் தளமே நிரப்பி வைத்திருக்கும். என்னைப் போல் சேலத்தில் உத்தியோகமும் ஏற்காட்டில் அப்பா வழி வந்த கொஞ்சம் காபியும் இருந்தால்தான் கோப்பு கனக்கிறது.

இங்கே எல்லாக் கணக்கும் ஒரே கேள்வியில் நிற்கிறது: காபியை எந்த நிலையில் விற்றீர்கள்? பழமாகவோ, தோல் நீக்கிக் களத்தில் காயவைத்த பார்ச்மென்ட்டாகவோ விற்றால் முழுக்க விவசாய வருமானம், வரி கிடையாது. பார்ச்மென்ட்டின் ஓட்டை நீக்கிக் கியூரிங் செய்து விற்றால் 1962-ம் ஆண்டு வருமான வரி விதிகளில் 7பி குறுக்கே வரும்: நிகர வருமானத்தில் 25 சதவீதம் தொழில் வருமானம். வறுத்து அரைத்துத் தூளாக விற்றால் 40 சதவீதம். கியூரிங் செய்து விற்றதில் செலவு போக இரண்டு லட்சம் நின்றால், ஐம்பதாயிரம் வரிக்குப் போகும். ஒன்றரை லட்சம் விவசாயத்தில் சேரும்.

அதனால் வியாபாரியின் பில்லில் ‘காபி’ என்று மட்டும் இருந்தால் நான் வாங்குவதில்லை. ‘பழம்’, ‘பார்ச்மென்ட்’ என்று அங்கேயே எழுதச் சொல்வேன். காபியோடு மிளகும் விற்றால் அதற்குத் தனி பில். அதில் இந்த 25, 40 வில்லங்கம் இல்லை. கியூரிங்குக்கு அனுப்பினால் எவ்வளவு கொட்டை தேறியது என்ற அவுட்டர்ன் விவரத்தையும், மார்ச் 31 அன்று அங்கே கிடக்கும் சரக்கின் அளவையும் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். நவம்பரில் பறிக்கத் தொடங்கி பிப்ரவரி வரை இழுக்கும் காபி, நிதியாண்டைப் பார்த்தா விற்கிறது?

செலவுப் பக்கம்தான் தொல்லை. சனிக்கிழமைக் கூலிக்குப் பெயர், நாள், தொகை, கையெழுத்து உள்ள நோட்டு போதும். உரக்கடைச் சீட்டும் போர்டோ கலவைக்கு வாங்கும் மயில்துத்தச் சீட்டும் வழவழப்பான வெப்பத்தாளில் வருகின்றன; அந்த எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். ஐப்பசி மூட்டத்தில் ஏற்காட்டு வீட்டு அலமாரியில் சாதாரணத் தாளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஓரத்தில் பூஞ்சை படரும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து, மாதவாரியாகப் போட்டு வைப்பதுதான் வழி. அசலை மூடி இறுகும் டப்பாவில் வைத்துச் சேலம் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறேன்.

‘வரியே இல்லாத வருமானத்தை எதற்குக் காட்டுவது?’ என்று மலையில் பலர் கேட்கிறார்கள். விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினாலே எளிய ‘சஹஜ்’ படிவம் கிடையாது. மற்ற வருமானமும் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டியிருந்தால், வரி விகிதத்தைக் கணக்கிட விவசாய வருமானத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். 7பி-யால் தொழில் வருமானம் வந்துவிட்டால் படிவம் 3. பழைய வரிமுறை வேண்டுமென்றால் 10-ஐஇஏ படிவமும் உண்டு.

நிகர விவசாய வருமானம் ஐந்து லட்சத்துக்கு மேல் போனால் நிலத்தின் விவரமும் கேட்கும்: மாவட்டம், பின்கோடு (நமக்கு 636601), எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, மானாவாரியா பாசனமா. சிட்டாவை இணையத்தில் எடுத்துவிடலாம். ஆனால் இங்கே பாதிப் பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. வாரிசுச் சான்றும் பாகப்பிரிவினைப் பத்திர நகலும் கோப்பில் இல்லாவிட்டால், யார் பங்கு எவ்வளவு என்று அண்ணன் தம்பிக்குள்ளேயே பேச்சு வளரும்.

கடைசியாக, தளத்தில் ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையை இறக்கி வங்கி வட்டியை ஒப்பிடுங்கள். வைப்புநிதி வட்டி எல்லாமே அதில் வந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் போட்டது விட்டுப்போயிருக்கலாம், அதற்குப் பாஸ்புக்தான் சாட்சி. கணக்கோடு எந்தத் தாளையும் இணைக்க வேண்டியதில்லை. நோட்டீஸ் வந்தால் மட்டும் ஆடிட்டர் முதலில் கேட்பது அந்தக் காபி பில்லைத்தான்.