சக்கரத்தை ஏன் மூடக் கூடாது?

ரிமோட் பார்முலா காரின் கூடு பாலிகார்பனேட் பிளாஸ்டிக். பெயின்டை உள்பக்கம்தான் அடிக்கணும். வெளியே உரசினாலும் நிறம் போகாது. இறக்கை, காற்றின் விசையால் காரைத் தரையோடு அழுத்தும். வளைவில் டயர் எளிதில் வழுக்காது.

ஆனால் சக்கரத்தைக் கூட்டால் மூடக் கூடாது என்பது விதி. மூடினால் காற்றுத் தடை குறைந்து அந்தக் காருக்கு மட்டும் லாபம்.

திறந்த சக்கரத்தில் ஆபத்தும் இருக்கு. சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு பெடலைச் சுற்றிப் பார்த்தேன். பின் சக்கரத்தின் பின்விளிம்பு மேல்நோக்கிப் போகிறது! ரேஸில், முன்னால் போகிற காரின் பின் டயரை நம் முன் டயர் இடித்தால், நம் கார் மேலே தூக்கி எறியப்படலாம். நிஜ பார்முலா 1 காரில் 2018 முதல் ஓட்டுநரின் தலையைக் காக்க ‘ஹாலோ’ வளையம் கட்டாயம்.

இடிக்காமல், இடம் பார்த்து முந்துவதே திறமை!