பிறந்தவுடன் அழாத குழந்தை: மூளைப் பாதிப்பை எப்போது அறிய முடியும்?

பிறந்தவுடன் அழாத குழந்தையைப் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்ததும் குடும்பத்தார் முதலில் கேட்பது, "மூளை பாதிக்கப்பட்டிருக்குமா?" என்பதுதான். "இப்போது சொல்ல இயலாது" என்று மருத்துவர் கூறினால் அது மழுப்பல் அன்று. முதல் நாளில் அதுவே உண்மையான விடை.

பிரசவத்தின்போது நஞ்சுக்கொடி முன்னதாகப் பிரிந்துவிட்டாலோ, தொப்புள்கொடி நசுங்கினாலோ, குழந்தையின் மூளைக்குச் செல்லும் ஆக்சிஜன் குறைகிறது. (தாய் சரியாக முக்கவில்லை என்று உறவினர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். மேற்சொன்னவை எவையும் அவர் கையில் இல்லை.) இதனால் விளையும் சேதம் அக்கணத்திலேயே முடிந்துவிடுவதில்லை. மூச்சும் இதயத்துடிப்பும் சீரானபின் மூளைச் செல்கள் சில மணி நேரம் தேறியதுபோல் இருக்கும். அதன்பின் இரண்டாம் முறையாகத் தளரக்கூடும். காலையில் அமைதியாக இருந்த குழந்தைக்கு இரவில் வலிப்பு வருவது இதனால்தான்.

பிறப்பறிக்கையில் காணும் அப்கார் மதிப்பெண்ணைக் கண்டு பலர் கலங்குகின்றனர். அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா அப்கார் 1953இல் வெளியிட்ட இம்முறை, எக்குழந்தைக்கு உடனடி உதவி தேவை என்பதைக் காட்டுவதற்காக உருவானது. எதிர்காலத்தைக் கூறுவதற்கு அன்று. ஐந்தாம் நிமிடத்தில் குறைந்த மதிப்பெண் பெற்ற குழந்தைகளுள் பெரும்பாலோருக்கு மூளை முடக்குவாதம் ஏற்படுவதில்லை. தொப்புள்கொடி இரத்தத்தின் அமிலத்தன்மையும் அடி எவ்வளவு பலமானது என்பதைத்தான் சொல்லும். அதன் விளைவைச் சொல்லாது.

இவற்றைவிட நம்பத்தக்கது குழந்தையை நேரில் பரிசோதிப்பது. விழிப்புநிலை, தசை இறுக்கம், உறிஞ்சும் திறன், வலிப்பு முதலியவற்றைக் கொண்டு லேசான, நடுத்தர, கடுமையான பாதிப்பு என வகுக்கும் முறையை 1976இல் சார்னட் தம்பதியர் வெளியிட்டனர். லேசான வகைக் குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் நன்கு தேறுவர். கடுமையான வகையில் உயிரிழப்போ நிலையான குறைபாடோ மிகுதி. உண்மையான ஐயம் நடுத்தர வகையில்தான். அங்கே ஒருநாள் பரிசோதனை போதாது. நிலை எந்தத் திசையில் நகர்கிறது என்று நாள்தோறும் பார்க்க வேண்டும். ஒரு வாரத்திற்குள் தானாக உறிஞ்சிப் பால் குடிக்கத் தொடங்குவது எந்தக் கருவியும் இன்றித் தாயே காணக்கூடிய நல்ல அறிகுறி.

மூளையின் மின்னலைகளைத் தொடர்ந்து பதியும் கருவியில், உறக்கமும் விழிப்பும் மாறிமாறி வரும் கோலம் விரைவில் திரும்பினால் நம்பிக்கை கொள்ளலாம். இரண்டு நாட்களுக்குப் பின்னும் அலைகள் மிகவும் தாழ்ந்தே இருந்தால் கவலைக்குரியது. ஆனால் வலிப்பு மருந்தும் அலைகளைத் தாழ்த்தும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

"தலை ஸ்கேன் நார்மல்" என்ற அறிக்கையை முழு உறுதியாகக் கொள்ள வேண்டாம். உச்சிக்குழி வழியே எடுக்கும் அல்ட்ராசவுண்டில் இவ்வகைச் சேதம் பெரும்பாலும் தெளிவாகத் தெரியாது. எம்.ஆர்.ஐ. தேவை, அதையும் மிக விரைவில் எடுத்தால் சேதம் குறைவாகத் தோன்றக்கூடும். பெரும்பாலும் நான்காம் நாளுக்குப் பின் எடுப்பதே பயன்தரும். மூளையின் ஆழ்பகுதியிலுள்ள முடிச்சுகளில் சேதம் காணப்பட்டால் கை கால் இயக்கம் பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம். வெளிப்புறப் பகுதிகளில் மட்டும் இருந்தால் நடை சீராக அமையக்கூடும். கற்றலிலும் பேச்சிலும் உள்ள சிரமம் பின்னரே வெளிப்படலாம்.

வெளிநாட்டில் உள்ள உறவினர் சொல்லக் கேட்டு, "குளிரூட்டும் சிகிச்சை ஏன் செய்யவில்லை?" என்று சிலர் வினவுவர். மேலைநாட்டு ஆய்வுகளில் அது பயன் தந்தது. இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் நடைபெற்று 2021இல் வெளியான ஆய்விலோ பயன் காணப்படவில்லை. குளிரூட்டப்பட்டவர்களிடையே இறப்பும் கூடியது. ஆதலால் தங்கள் குழந்தைக்கு அது ஏற்றதா என்பதை மருத்துவரிடமே கேட்டறியவும்.

வீடு திரும்பியபின் மூன்றாம் மாதப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். குழந்தை நன்றாகச் சிரிக்கிறது என்று வராமல் இருந்துவிடுவோர் உண்டு. அவ்வயதில் கை கால்களின் இயல்பான சிறு அசைவுகள் காணப்படுகின்றனவா என்பது பெரிதும் துப்புத் தரும். நான்கு மாதத்திற்குப் பின்னும் விரல்களை இறுக மூடியே வைத்திருந்தாலோ, உடை மாற்றும்போது கால்கள் விறைத்தாலோ, குறித்த தேதிக்குக் காத்திராமல் உடனே வரவும். இயன்முறைப் பயிற்சியைத் தொடங்க நோயின் பெயர் உறுதியாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கேள்திறன் பரிசோதனையும் இரண்டு வயது வரையிலான வளர்ச்சிக் கண்காணிப்பும் கட்டாயம். வரும்போது மருத்துவமனை தந்த வெளியேற்றக் குறிப்பையும் எம்.ஆர்.ஐ. படத்தையும் தவறாமல் எடுத்து வரவும்.